சொந்தம் ஒரு குப்பி, அசல் ஒரு குப்பி

என் வேலை பாடம் எடுப்பது. இருபத்தாறு வருடமாக எடுக்கிறேன். என்னிடம் படிக்க வருபவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் செத்துப்போவார்கள். மீதி மூன்று பேரைத் தேற்றி அனுப்பியதற்காக எனக்கு இரண்டு விருதும் ஒரு பொன்னாடையும் கொடுத்திருக்கிறார்கள்.

பதற வேண்டாம், மாணவர்கள் மனிதர்கள் இல்லை. நோய் எதிர்ப்பு அணுக்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும்போது அவற்றுக்கு யார் நம்மாள், யார் வெளியாள் என்று ஒன்றும் தெரியாது. எதைக் கண்டாலும் பாய்வதற்குத் தயாராக வரும். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அங்கேதான் அவற்றுக்குப் படிப்பு. அந்த உடம்பின் ஈரல், கணையம், தோல், கண் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மாதிரியை அந்தச் சுரப்பி எடுத்துக் காட்டும். பார்த்ததும் பாய்கிற அணு அங்கேயே செத்துவிடும். பொறுத்துக்கொள்கிற அணுவுக்குத்தான் ரத்தத்துக்குள் போக அனுமதி. வயதாக ஆக இந்தச் சுரப்பி சுருங்கி வெறும் கொழுப்பாகிவிடும். அதற்குப் பதிலாக, திருநெல்வேலிக்கு வெளியே நான்குவழிச் சாலையை ஒட்டிய எங்கள் ஆய்வு நிலையத்தில், நாங்கள் ஒரு பெட்டியைச் செய்தோம். இட்லிக் கொப்பரை அளவு இருக்கும். கோப்புகளில் அதற்கு ஒன்றரை வரி நீளத்தில் பெயர் உண்டு. நாங்கள் டுடோரியல் என்போம்.

நான் டாக்டர் உலகம்மாள், அந்த டுடோரியலின் தலைவி. பெயரில் உலகமே இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு மருமகளை மூன்று வருடமாக வீட்டு வாசலைத் தாண்ட விடவில்லை.

என் மகன் நிரஞ்சன் கல்யாணம் செய்துகொண்ட பெண் வேறு ஊர், வேறு ஆட்கள், வேறு கோயில். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். பதிவு அலுவலகத்திலிருந்து நேராக என்னைப் பார்க்க வந்தார்கள். "வந்த வழியே போங்க" என்றேன். இதைச் சொன்ன அதே வாரத்தில், உடல் எப்படி அந்நியத்தைப் பொறுத்துக்கொள்கிறது என்பது பற்றி வெளிநாட்டில் நாற்பது நிமிடம் பேசிக் கைதட்டு வாங்கினேன். அன்றைக்கு எனக்கு இதில் ஒரு முரணும் தெரியவில்லை.

பிறகு நிரஞ்சனுக்கு நோய் வந்தது. அவனுடைய எதிர்ப்பு அணுக்களே அவனுடைய ஈரலைத் தாக்க ஆரம்பித்தன. அதாவது, அவனுக்குள் இருந்த தைமஸ் சின்ன வயதிலேயே சரியாகப் பாடம் எடுக்கவில்லை. ஊரார் அணுக்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவளின் பிள்ளை! மருந்துகள் கைவிட்டன. ஒரே வழிதான் மிச்சம். அவனுடைய மஜ்ஜையில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு, பழைய படையை மருந்தால் முழுக்க அழித்துவிட்டு, டுடோரியலில் நாற்பது நாள் புதுப் படையை வளர்த்து உள்ளே விட வேண்டும். அந்த நாற்பது நாளும் அவனுக்கு எதிர்ப்புச் சக்தி என்று எதுவும் இருக்காது. கண்ணாடி அறைக்குள் இருக்க வேண்டும். ஒரு தும்மல் போதும், பிள்ளை போய்விடுவான்.

பெட்டிக்கு இரண்டு தோல் துணுக்குகள் தேவை. ஒன்று நோயாளியுடையது. அதிலிருந்துதான் அவன் உடம்பின் எல்லா உறுப்புக்கும் மாதிரி வளர்த்துப் பாடம் காட்டுவோம். இன்னொன்று ரத்த உறவே இல்லாத ஒருவருடையது. அது கடைசிப் பரீட்சைக்கு. வழக்கமாக அதற்கென்று வாங்கி வைத்திருக்கும் துணுக்குகள் அந்த மாதம் தீர்ந்துபோயிருந்தன. கண்ணாடி அறைக்கு வெளியே நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரிந்து அவளைவிட அந்நியமான ஆள் உலகத்தில் இல்லை. போய்க் கேட்டேன்.

"நான் எதுக்கு, டாக்டர்?" என்றாள். என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவாள். வேறு எப்படியும் கூப்பிட நான் இடம் கொடுத்ததில்லை.

"கடைசிப் பரீட்சைக்கு. படிச்சு முடிச்ச அணு வெளியாளைக் கண்டா பாயுதான்னு பாக்கணும். பாயலைன்னா அது கிருமியையும் சும்மா விட்டுரும்."

"அப்ப என்னைக் கண்டதும் பாயணும். பாஞ்சாத்தான் பாஸ்."

"ஆமா."

"உங்க வீட்டு வழக்கப்படியே வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் தோல் துணுக்கை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

குப்பியில் பெயர் எழுத வேண்டும் என்பது விதி. விதியை எழுதியது நான். நோயாளி பெயர், கொடுத்தவர் பெயர், தகப்பன் பெயர், எல்லாம் வேண்டும். பேனாவை எடுத்தேன். அவள் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போது சொல்லும்போது கேவலமாக இருக்கிறது. அன்றைக்கு அது ஒரு கொள்கை மாதிரி இருந்தது. ஒரு குப்பியில் பெயர் எழுதி இன்னொன்றில் விட்டால் ஏன் என்று கேள்வி வரும். அதனால் இரண்டிலும் எழுதவில்லை. மகனுடையதில் 'சொந்தம்' என்று எழுதினேன். அவளுடையதில் 'அசல்' என்று எழுதினேன். தலைவி எழுதினால் போதும், கணினியில் பதியாமலே உள்ளே போகும். அந்தச் சலுகையையும் எனக்கு நானே கொடுத்திருந்தேன்.

நாற்பது நாளும் எல்லாம் அமோகமாக நடந்தது. பாடத்தில் தேறியவை மூன்று சதவீதம். கடைசிப் பரீட்சையில் வெளியாள் மாதிரியைக் கண்டதும் அத்தனை அணுவும் ஒன்றுபோலப் பாய்ந்தன. இருபத்தாறு வருடத்தில் இப்படியொரு சுத்தமான முடிவை நான் பார்த்ததில்லை. ஆய்வகத்தில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். 'முழு வெற்றி' என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரைக்கு முதல் பத்தியும் எழுதிவிட்டேன்.

உள்ளே விடுவதற்கு முன்னால், ஒரு சம்பிரதாயத்துக்கு, நிரஞ்சனிடம் அப்போதுதான் எடுத்த ரத்தத்தில் ஒரு சொட்டைப் புதுப் படையோடு வைத்துப் பார்ப்பது உண்டு. முதுநிலைத் தொழில்நுட்பர் டில்லிபாபு அதைச் செய்தார். பொன்னேரிக்காரர், எங்கள் நிலையத்தில் பன்னிரண்டு வருடமாக இருப்பவர், அவர் கை தவறி நான் பார்த்ததில்லை. அரை மணி நேரத்தில் என் அறைக்கு வந்தார்.

"மேடம், பசங்க பேஷண்ட்டையே அடிக்கிறானுங்க."

"எப்படிய்யா அடிக்கும்? நூத்துக்கு நூறு வாங்கியிருக்கு."

"அதான் எனக்கும் புரியல. மூணு வாட்டி போட்டுப் பார்த்துட்டேன். ரத்தத்தைப் பார்த்ததும் பாயுது."

"நான் எழுதின குப்பியத்தானே வச்சீங்க?"

"ஆமா மேடம். அசல்னு போட்டிருந்துச்சு. பேஷண்ட்டோட ஒரிஜினல், அதைப் பாடத்துக்கு வெச்சேன். இன்னொண்ணுல சொந்தம்னு போட்டிருந்துச்சு. சொந்தக்காரங்க யாருதோன்னு பரீட்சைக்கு வெச்சேன்."

"அசல்னா வெளியாளுய்யா" என்றேன்.

"அசல்னா எப்படி மேடம் வெளியாளு? அசல் பத்திரம்னா வெளியாள் பத்திரமா?"

"எங்க ஊர்ல பொண்ணு எடுத்தா, சொந்தமா அசலான்னுதான் கேப்பாங்க!"

"எங்க ஊர்ல நெய் வாங்குனா அசலா கலப்படமான்னு கேப்போம்" என்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "சொந்தம்னா ரத்த உறவாச்சேன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. நீங்க எழுதினதுன்னு கேக்கல மேடம். கேட்டிருக்கணும்" என்றார்.

அவர் கேட்காததற்கும் காரணம் நான்தான். கேள்வி கேட்டவர்களை நான் எப்படிப் பார்ப்பேன் என்று அந்த நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஆக, நாற்பது நாள் நான் பாடம் எடுத்தது இதுதான்: என் மருமகள் நம்மாள், என் மகன் வெளியாள். மாணவர்கள் கருத்தாகப் படித்து, கண்ணும் கருத்துமாக எழுதி, பாஸாகியிருந்தார்கள். தப்பு வாத்தியார் மேல்.

மறுபடி நாற்பது நாள் எடுத்துப் புதிதாக வளர்க்கலாம், மஜ்ஜை கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் நாற்பது நாள் இல்லை. முந்தின வாரமே நிரஞ்சனின் நுரையீரலில் பூஞ்சை பிடித்திருந்தது. வார்டு டாக்டர் ஒளிவுமறைவு இல்லாதவர். "பன்னிரண்டு நாள். அதற்கு மேல் என் கையில் இல்லை" என்று சொல்லிவிட்டார். படை இல்லாமல் விட்டால் பூஞ்சை கொல்லும். இருக்கிற படையை விட்டால் படையே கொல்லும்.

குப்பிகள் மாறியது உறுதிதானா என்று பார்க்க அவளுடைய ரத்தம் வேண்டியிருந்தது. ஊசியை எடுத்துக்கொண்டு நானே போனேன். நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன், அவளைப் பார்க்காமல் இருப்பதற்காக.

"ஃபேஸ் வயரையும் நியூட்ரலையும் மாத்திக் குடுத்துட்டீங்க" என்றாள்.

"அப்படித்தான்."

"எங்க லைன்மேன்கூட ரெண்டு வயருக்கும் டேக் கட்டாம கம்பத்துல ஏற மாட்டான், டாக்டர். என்னன்னு எழுதியிருந்தீங்க?"

சொன்னேன். அவள் அறைப் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிரஞ்சன் தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்குவது வெளியே தெரிந்தது.

"என் பேரு பிரிசில்லா, அஞ்செழுத்து. அசல் மூணெழுத்து. ரெண்டு எழுத்து மிச்சம் பிடிச்சிருக்கீங்க" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கையை நீட்டினாள். "எடுங்க. ஆனா கொஞ்சமா எடுங்க. நாங்க ரெண்டு பேரு."

எனக்கு முதலில் புரியவில்லை. நிரஞ்சனையும் சேர்த்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"அஞ்சு முடிஞ்சு ஆறு" என்றாள்.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். நாற்பத்தொரு நாள் என் எதிரே அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளை அன்றுதான் பார்த்தேன். தொளதொள சுடிதாருக்குள் வயிறு நன்றாகவே தெரிந்தது. நுண்ணோக்கியில் ஒரு அணுவின் மேலிருக்கும் முள்ளைக்கூட விடாமல் எண்ணுகிறவள் நான்.

"ஏன் சொல்லல?"

"அவரு சொல்லச் சொன்னாரு. நீங்க கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்."

ரத்தத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன். காரிடாரின் பாதியில் நின்றுவிட்டேன். ஆறு மாதக் கர்ப்பம். குழந்தையில் பாதி நிரஞ்சன். அதாவது அவள் உடம்பைப் பொறுத்தவரை பாதி வெளியாள். எந்த எதிர்ப்புப் படையும் அதை முதல் மாதத்திலேயே தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியாமல் இருப்பதற்காகக் கர்ப்பிணியின் உடம்பு ஒரு வகை அணுக்களைத் தயார்செய்யும். அவை சண்டை போடாது, சண்டை போட வருகிறவர்களை விலக்கிவிடும். 'இவன் தகப்பன் சாடையில் இருக்கிறான், விடு' என்று சொல்லும். பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். அந்தப் பாடப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் நான் எழுதியது.

அந்த விலக்கிவிடும் அணுக்கள் வேண்டும். நிரஞ்சனை அடிக்காதே என்று சொல்லப் பழகிய அணுக்கள் உலகத்திலேயே அவளிடம் மட்டும்தான் இருந்தன. அவற்றை நிரஞ்சனுக்குள் விட்டால், சாதாரணமாக அவனுடைய படை அவற்றை வெளியாள் என்று அடித்துவிடும். ஆனால் இந்தப் படை அடிக்காது. இந்தப் படைக்கு அவள்தான் நம்மாள். என் மடத்தனமே அவளுக்கு உள்ளே போக வழி போட்டு வைத்திருந்தது.

திரும்பி ஓடினேன். ஐம்பத்தொன்பது வயதில், காரிடாரில், செருப்புச் சத்தம் கேட்க. விளக்கினேன். அவள் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஆவாது. கொஞ்சம் ரத்தம்தான். அதுல இருக்கிற அணுவை நாங்க பெருக்கிக்கிடுவோம்."

"அவரு பொழைப்பாரா?"

பொய் சொல்ல வாய் வந்தது. "தெரியாது. இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்ல" என்றேன்.

"அப்ப எடுங்க. ஆனா இந்தத் தடவை பேரு எழுதுங்க. முழுசா."

குப்பியை எடுத்தேன். எழுதினேன். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. "உங்க அப்பா பேரு என்ன?" என்று கேட்டேன்.

"மூணு வருசத்துல முதல் தடவையா கேக்குதீங்க" என்றாள். "ஞானதிரவியம்."

டில்லிபாபு எட்டு நாள் வீட்டுக்குப் போகவில்லை. ஒன்பதாம் நாள் இரண்டு பைகளும் ஒரே குழாய் வழியாக நிரஞ்சனுக்குள் இறங்கின. முதலில் மருமகளின் அணுக்கள், பின்னால் என்னுடைய மாணவர்கள்.

இறக்கிய நான்காம் நாள் அவன் மார்பிலும் கழுத்திலும் செக்கச் செவேலென்று தடிப்பு கிளம்பியது. படை தோலை அடிக்க ஆரம்பித்துவிட்டது. அடுத்தது ஈரல். நான் நாற்காலியில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்த சாமிப் பெயர்களையெல்லாம் சொன்னேன். பக்கத்து நாற்காலியில் அவள் தனக்குத் தெரிந்த சாமியிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு சாமிகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். ஆறாம் நாள் தடிப்பு வெளிறியது. பதினோராம் நாள் ஈரல் கணக்குகள் இறங்கின. பதினெட்டாம் நாள் படத்தில் நுரையீரல் பூஞ்சை பாதியாகியிருந்தது. மாணவர்கள் ஒருவழியாக அடிக்க வேண்டியதை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். நிரஞ்சன் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து போனில், "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கீங்க. நான் செத்துட்டேனா?" என்று கேட்டான்.

விசாரணை நடந்தது. முதல் வரைவில் டில்லிபாபுவின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தார்கள். நான் போய், குப்பியில் பெயர் எழுதாதது நான், ஏன் எழுதவில்லை என்பதற்கும் காரணம் இதுதான் என்று எழுதிக் கொடுத்தேன். குழுவினர் நெளிந்தார்கள். கடைசி அறிக்கையில் 'மொழிக் குழப்பம்' என்று நாசூக்காக முடித்துவிட்டார்கள். மொழியில் ஒரு குழப்பமும் இல்லை, அது நான் நினைத்ததை அப்படியே சொல்லியிருந்தது. தலைவி பதவி போனது. ஆலோசகர் என்று ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை என்பதுதான் இப்போதைக்கு நான் செய்யும் நல்ல காரியம்.

இரண்டு மாதம் கழித்து நிரஞ்சனை வீட்டுக்கு அனுப்ப முடிவானது. அவர்களுடைய வீட்டுக்கு. அதற்கு முன், பிற்காலத்தில் ஈரலில் ஒரு துண்டு தேவைப்பட்டால் யார் கொடுக்கலாம் என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும். நான் முந்திக்கொண்டு கையை நீட்டினேன், எனக்குப் பிறகு பிரிசில்லா. பெற்றவள், பாதி நான்தானே. அந்தப் பெருமை இன்னும் போகவில்லை.

டில்லிபாபு முடிவைக் கொண்டுவந்து என் மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"சொல்லுங்க."

"அவங்களோடதைத் தொடவே இல்ல மேடம். பொருத்தம்னு வந்திருக்குது."

"என்னோடது?"

"உங்களைத்தான் மேடம்... ரொம்ப அடிக்கிது."

சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது? அணு அதன் கடமையைச் செய்தது. அவனுடைய உடம்பு இப்போது அவன் மனைவியை நம்மாள் என்கிறது, அவனை அவள் சொன்னதற்காகப் பொறுத்துக்கொள்கிறது, என்னைக் கண்டால் பாய்கிறது. மேல்முறையீட்டுக்கு இடமில்லை. பரீட்சை வைத்ததும் நான், வினாத்தாள் எடுத்ததும் நான். சிரித்து முடித்ததும் நெஞ்சுக்குள் என்னவோ காலியானது. காரிடாருக்குப் போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"பெத்தவளையே வெளியாள்னுட்டுது" என்றேன்.

பிரிசில்லா காகிதத்தை வாங்கிப் படித்தாள். மடித்து என்னிடமே கொடுத்தாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவள் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. கொஞ்ச நேரம் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா, டாக்டர்? பிள்ளையில பாதி அவரு. அவருல பாதி நீங்க. அப்படித்தானே?"

"ஆமா."

"அப்ப இதுல கால்வாசி நீங்க."

இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு விருது, ஒரு பொன்னாடை, ஒரு அத்தியாயம், எதற்கும் தோன்றவில்லை.

"எட்டு மாசமா உங்களையும் சேத்துத்தான் உள்ள வச்சிருக்கேன்" என்றாள். "எனக்கு உங்கள இன்னும் பிடிக்கல. அதையும் சொல்லிடுதேன். ஆனா என் உடம்பு ஒண்ணும் செய்யல பாத்துக்கிடுங்க. என்னையக் கேக்கவும் இல்ல."

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். முன்னாள் துறைத் தலைவிகள் காரிடாரில் அழக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. இருந்திருந்தால் நான்தான் எழுதியிருப்பேன். அவள் தடுக்கவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை, பக்கத்தில் இருந்தாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எந்தக் கால்வாசியா இருக்கும்?" என்று கேட்டேன்.

"தெரியல. வாயா மட்டும் இருந்துரக் கூடாதுன்னு தினமும் ஜெபம் பண்ணுதேன்" என்றாள்.